பூஜ்ய வரிக்கு ஒரு முகவரி

ரவிக்கைக்குப் போடும் எம்பிராய்டரி டிசைன்களைக் கணினியில் வரைந்து விற்கிறேன். மயில், மாங்காய், அன்னம். பாரிசிலோ டொராண்டோவிலோ ஒரு தையல்காரம்மா பணம் கட்டினால் ஃபைல் அவரிடம் போய்விடும்; மீதியை அவருடைய மெஷின் பார்த்துக்கொள்ளும். அந்த நாட்டு வரியை விற்பனைத் தளமே பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டு வரி, ஏற்றுமதி என்பதால் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தை முறைப்படி கட்ட ஜிஎஸ்டி எண் வேண்டுமாம். எண் தராவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம் என்று பணம் வாங்கித் தரும் நிறுவனம் அன்போடு எழுதியிருந்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் வருஷக்கணக்கில் வளர்த்த கடை. பயந்துபோனேன்.

பண்ருட்டியில் ஓர் ஆடிட்டரிடம் போனேன். ஏற்றுமதி என்றால் அவருக்கு அத்துப்படி. முந்திரி ஏற்றுமதி.

“எந்தத் துறைமுகம்மா?”

“துறைமுகமெல்லாம் இல்லைங்க. ஈமெயில் மாதிரி போயிடும்.”

“சரி, எத்தினி மூட்ட?”

“எடையே கிடையாதுங்க சார்.”

சொத்தை முந்திரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இரண்டாவது காபிக்குப் பிறகுதான் ‘பொருள்’ என்பதை மாற்றி ‘சேவை’ என்று போட்டார். தொழில் நடக்கும் இடம் என்று கேட்டதற்கு எங்கள் குவார்ட்டர்ஸ் முகவரியைக் கொடுத்தேன். என் தொழில் நடப்பது சாப்பாட்டு மேஜையில். வேறு எதைக் கொடுப்பது?

குவார்ட்டர்ஸ் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் நிலக்கரிக் கம்பெனியுடையது. அங்கே வியாபாரம் கூடாது. டவுன்ஷிப்பில் ஊறுகாய் போடுகிறவர்களும் புடவை எடுத்து வருகிறவர்களும் வியாபாரமா செய்கிறார்கள்? தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்ட அறிவாளி எங்கள் பிளாக்கில் நான் ஒருத்திதான்.

இடத்தைப் பார்க்க ஜிஎஸ்டி அதிகாரி வந்தபோது நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். மைன்ஸில் பர்மனென்ட்.

“இங்க டிசைன் ஏத்துமதி பண்ணிக்கினு இருக்கிறது யாருங்க?”

குவார்ட்டர்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் இவர் முகம் வெளுத்துவிட்டது. “பிசினஸா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஒய்ஃப் வீட்ல சும்மாதான் இருக்காங்க.”

நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். மேஜையில் லேப்டாப்பில் பாதி மயில். அவர் குடிக்கும் காபிக்குப் பால் வைக்கும் பிரிட்ஜை வாங்கித் தந்ததே ஒரு மயில்தான். வாயைத் திறந்தால் அவர் வேலைக்கு ஆபத்து என்பதால் பேசாமல் இருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் நிலக்கரியே தோண்டாமல் அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை ஓட்டியிருக்கலாம். அவமானமாகவும் இருந்தது.

மனு தள்ளுபடியானது. அந்த முகவரியில் தொழில் எதுவும் நடக்கவில்லையாம். கட்டிய புருஷனே சாட்சி.

அதன்பின் கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. சும்மா இருப்பவளுக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? கடைசியில் அவரே டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பேசி, என் பெயரைப் பெரிதாக எழுதிய போர்டும் செய்துகொண்டு வந்தார். புது முகவரியோடு மறுபடி விண்ணப்பித்தோம்.

அதே அதிகாரி வந்தார். அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அங்கே நான் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அவர் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார். முகத்தில் பரம திருப்தி. நிஜமாகத் தொழில் நடந்த இடத்தில் இல்லாத தொழில், காலி அறையில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

போர்டுக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நின்றவரைப் பார்த்து, “நீங்க யாரு சார்?” என்றார். அன்றைக்குக் கதவைத் திறந்தவரை அவருக்கு நினைவில்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “ஓனர் அவங்கதாங்க. நான் சும்மா கூட வந்தேன்.”

எண் வந்துவிட்டது. மாதாமாதம் அந்தக் காலி அறைக்கு வாடகை தண்டம்தானே என்று ஆடிட்டர் கேட்கிறார். என் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வேறெங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்?