மரெத்திமோக் குகைகளும் என் வாடிக்கையாளர்களும்

அடுத்தவருடைய விடுமுறையை நம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிவதற்குப் பெயர்தான் பயண முகவர் வேலை. ஒருமுறையாவது சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வெளிநாடு போயிருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்கும் புரியும். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எங்கள் கடை லண்டன் கிங்ஸ்பரியில், ஒரு பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருக்கிறது. லண்டனுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் நான் சிசிலியில், பலெர்மோ நகரத்தில் வீடு துடைத்தேன். அங்கே பழகிய இத்தாலிய மொழிதான் என் ஒரே தகுதி. அதை வைத்து முதலாளி சிவா அண்ணை, சிசிலிக்குப் பக்கத்தில் இருக்கும் மரெத்திமோ என்ற சின்னத் தீவுக்கு வருடத்தில் இரண்டு தடவை எங்கள் ஈழத்து ஆட்களைக் கூட்டிப்போகும் பொறுப்பை என் தலையில் வைத்தார். ஒரு கிராமம், ஒரு மலை, மலையடியைக் கடல் குடைந்து உண்டாக்கிய குகைகள். வேறொன்றும் இல்லை. நினோ என்ற வயதான படகோட்டி எங்களைக் குகைகளுக்குள் கொண்டுபோவார். அவருக்கு இத்தாலிய மொழி மட்டும்தான் தெரியும். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. நடுவில் நான்.

நீலம்

முதல் பயணத்தில் ஒரு கணக்காளர் வந்திருந்தார். எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த குகைப் படத்தைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தவர். நாங்கள் போன காலையில் வானம் மூடிக் கிடந்தது. குகைக்குள் தண்ணீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. வெயில் வந்தால் நிறம் மாறும் என்று நினோ சொன்னதை நான் மூன்று தரம் மொழிபெயர்த்தேன். வெயில் வரவில்லை.

அவர் போனை எடுத்தார். கடைச் சுவரில் இருந்த படத்தை அதில் பிடித்து வைத்திருந்தார். அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நீட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் மிகவும் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நீங்கள் காட்டின நீலம் இதிலை இல்லை."

ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தவர்

ராணியக்கா ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட விடுமுறைக்கென்று விமானம் ஏறியதில்லை. கடையில் வந்து இருந்தபோது, குகைக்குள் எத்தனை மணித்தியாலம் நிற்கலாம் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நாங்கள் தீவில் இறங்கிய அன்று பின்னேரம் காற்று எழும்பியது. தெற்கிலிருந்து வரும் காற்று, ஆப்பிரிக்க மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். மூன்று நாள் ஒரு படகும் வெளிக்கிடவில்லை. மற்றவர்கள் அறைக்குள் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ராணியக்கா மட்டும் ஒவ்வொரு காலையும் சால்வையைச் சுற்றிக்கொண்டு துறைமுகச் சுவரில் போய் நின்றார். நாலாம் நாள் காலை நாங்கள் திரும்ப வேண்டும். கப்பல் ஓடுகிற அளவுக்குத்தான் கடல் அடங்கியிருந்தது. குகையைக் காணாமலே ஏறினோம். பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்: "பதினெட்டு வருசமா மற்ற ஆக்கள் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டு நாள் கடலைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாதோ?"

பீரங்கிக் குகை

தீவில் ஒரு குகைக்குப் பெயரே பீரங்கி. அலை உள்ளே புகுந்து ஆழத்தில் அடிபட்டால் குண்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். நினோ அதைக் கடைசிக்கு வைத்திருப்பார், ஆட்களைத் திடுக்கிட வைப்பதற்கு. பிறகு எங்கள் பயணங்களில் அந்தக் குகையை நான் வெட்டிவிட்டேன். அதற்குக் காரணம் முல்லைத்தீவுப் பக்கத்துக் கணவன் மனைவி இருவர்.

அறுபது வயது இருக்கும். கணவர் காலையிலிருந்து மனைவியின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். படகு குகை வாசலுக்குப் போனதும் சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்குமுன் அவர் மனைவியைப் படகின் அடியில் தள்ளி, அவர்மேல் குப்புறக் கிடந்தார். ஆள் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நினோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் முறையும் சத்தம் வந்தது. கணவர் மனைவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அடியில் கிடந்த அந்த அம்மா ஒரு கையை வெளியே எடுத்து, குழந்தையைத் தட்டுவது போல அவர் முதுகில் தட்டினார். "எழும்புங்கோ," என்றார். "அது கடல்."

உள்ளே, இன்னும் உள்ளே

கந்தையா ஐயா எழுபது தாண்டியவர். ஆர்ச்வேயில் இருந்து தனியாக வந்தார். ஏன் தனிய வாறியள் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார். படகில் ஏறியதும் ஒவ்வொரு குகையின் கடைசி வரைக்கும் போகச் சொன்னார். மற்றவர்கள் மேலே பாறையைப் படம் பிடித்தார்கள். இவர் தண்ணீர் முடிகிற ஓரத்தையே பார்த்தார். நேரம் போகிறது என்று ஒரு குடும்பம் முணுமுணுத்தது. எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

ஒட்டகக் குகை என்று ஒன்றுக்குள் சின்னக் கற்கரை இருக்கிறது. தன்னை அங்கே இறக்கிவிடச் சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மரத்துண்டு, அறுந்த கயிறு, பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். பிறகு, "பிள்ளை, கடலிலை விழுந்தது இங்கை வந்து ஒதுங்குமோ எண்டு அவரிட்டைக் கேளும்" என்றார். கண்ணாடியை விழுத்திவிட்டார் என்று நினைத்து, என்ன விழுந்தது என்று கேட்டேன். "என்ர மூத்தவன்," என்றார்.

துருக்கியிலிருந்து இத்தாலிக்குப் படகில் வந்துகொண்டிருந்த பிள்ளை. இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சிசிலிக் கடலில் படகு மூழ்கிப்போனது என்று தப்பிய ஒருவன் சொன்னதோடு சரி. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை.

நினோவிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னார். காற்று தெற்கிலிருந்து அடித்தால் எல்லாமே இங்கே வரும், ஆனால் மாரிகாலத்துக் கடல் வந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போகும், ஒன்றும் தங்காது என்றார். பின்பாதியை நான் விழுங்கியிருக்கலாம். எங்கள் தொழிலில் 'அறை இல்லை' என்பதை 'பார்ப்போம்' என்று மாற்றிச் சொல்வது சாதாரணம். ஆனால் ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுவதையும் சொன்னேன். அவர் குகைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ஒரு மாரி வரைக்குமெண்டாலும் காத்துப் படாத இடத்திலை கிடந்திருப்பான்," என்றார்.

கடைசித் தொலைபேசி

போன வருடம் நாலு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். சிவா அண்ணை என்னைக் கூப்பிட்டு மரெத்திமோவை நிறுத்துவதாகச் சொன்னார். இனி சொகுசுக் கப்பல் பயணம். சனத்துக்கு அதுதான் பிடிக்குது, கப்பலிலேயே சாப்பாடு, கப்பலிலேயே நீச்சல் தடாகம், நீ கூடப் போகவும் தேவையில்லை என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

நினோவுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். உன் ஆட்களுக்கு என் குகைகள் பிடிக்கவில்லையா என்று கேட்டார். நன்றாகப் பிடித்தது, லண்டனில் வாழ்க்கைச் செலவு கூடிவிட்டது, அதுதான் என்றேன். அவர் சொன்னார்: "பொய் சொல்லாதே. மற்ற ஊர் ஆட்கள் குகைக்குள் போனதும் சத்தம் போட்டுப் பாடிப் பார்ப்பார்கள். உன் ஆட்கள் மட்டும்தான், சாவு வீட்டுக்குள் வந்த மாதிரி, பேச்சை நிறுத்துவார்கள்."

இப்போது கிங்ஸ்பரிக் கதிரையை விட்டு எழும்பாமலே கப்பல் டிக்கெட் விற்கிறேன். அதில் போகிறவர்கள் எங்கே நின்று அழுதாலும் எனக்குத் தெரியவராது என்பதை, இத்தனை வருட அனுபவத்துக்குக் கிடைத்த பதவி உயர்வாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.