கதிரைக்காலில் கற்ற தொழில்

வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டியிருந்தாலும், அன்றுவரை நான் செய்தது வெறும் பிரசங்கம்தான்.

வட்டக்கச்சி விவசாயி ஒருவர், வாய்க்கால் தண்ணீரை முறைமாறித் திருப்பிய மச்சானின் மண்டையை மண்வெட்டிப் பிடியால் உடைத்திருந்தார். மனைவியின் நச்சரிப்பால் என்னிடம் வந்தார். கோபத்தை அடக்கும் வழிகளை அடுக்கினேன். அவர் தான் உட்கார்ந்திருந்த மரக்கதிரையைச் சுவரில் அடித்து நொறுக்கி, அதன் முறிந்த காலை என் கழுத்தில் அழுத்தினார்.

“கதைச்சுக்கொண்டே இருக்கிறாய். என்னட்ட ஒரு கேள்வி கேட்டனியோ?”

கழுத்தில் இரத்தம் கசிந்தது. “இப்ப உங்களுக்கு என்ன வேணும், அண்ணை?”

அவர் கை தளர்ந்தது. “ஆஸ்பத்திரியில கிடக்கிறவனைப் பாக்கவேணும். எந்த முகத்தோட போறது?”

வழி சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். கதிரைக்காலைக் கீழே போட்டுவிட்டு அவரே சொன்னார்:

“முதல் அவன்ர வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டுப் போறன்.”

என் பாடக்குறிப்புகள் எதிலும் அந்த விடை இல்லை. இப்போது யார் வந்தாலும், ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.