குணமணியின் ஞாயிற்றுக்கிழமைகள்

பெப்ரவரி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை விடிகாலையில் வதனி கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் அவளை ஒரு வருடப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. மாதக் கட்டணம் வீட்டிலிருந்து போக வேண்டும். தவறினால் இடம் போய்விடும். அவளுடைய அம்மா குணமணி நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். பதுளை பஸ் நிலையத்தில் புது பூட்ஸ் இருந்த பையை மகளிடம் கொடுத்தாள்.

"அடுப்புப் பக்கம் கொண்டு போயிறாத."

"போன தடவ கொண்டு போனது யாரு?"

குணமணி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நடந்தது இதுதான். முந்திய ஞாயிறு முழுக்க மழை. வதனியின் பழைய பூட்ஸைக் கழுவி, ஈர விறகு காயப்போடும் அடுப்புப் பரணில் வைத்துவிட்டாள் குணமணி. விறகு நன்றாகக் காய்ந்தது. பூட்ஸின் அடிப்பாகம் சுருண்டு பிரிந்துவிட்டது. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு பதுளையில் ஸனூஸின் சப்பாத்துக் கடைக்குப் போனாள்.

"இது பூட்ஸா, சுட்ட கருவாடா அக்கா?" என்றார் ஸனூஸ்.

"சிரிக்காதீங்க நானா. ஒட்ட முடியுமா பாருங்க."

"ஒட்டலாம். நடக்கலாம். ஓடினா கழண்டுரும்."

புது ஜோடியின் விலையைக் கேட்டதும் அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, முன்பல் இரண்டு கட்டுவதற்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஸனூஸ் தன் பங்குக்கு ஒரு ஜோடி காலுறையைப் பைக்குள் போட்டார்.

ஜூனில் கட்டணம் கூடியது. போட்டிக்குப் போக வேன் செலவு, புது ஜேர்சி என்று அதற்கு மேலும் செலவு வந்தது. "ஒரே பந்தத்தானே இருவத்திரெண்டு பேரும் ஒதைக்கிறாங்க, அதுக்கு இத்தன காசா?" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் கண்டவரிடமெல்லாம், போனில் வதனியிடமும் கேட்டாள் குணமணி. கேட்டாளே தவிர, ஒரு மாதமும் தவறவில்லை. மற்றப் பெண்கள் தலைக்குக் குளித்து டிவி பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றைய கொழுந்துக்கு அன்றே பணம் தரும் கைக்காசு வேலைக்குப் போனாள். வதனி போன் எடுத்தால், "வீட்டுலதான் படுத்திருக்கேன்" என்பாள். பின்னால் கங்காணி கத்துவது கேட்கும்.

ஒக்டோபரில் குணமணிக்குப் பத்து நாள் காய்ச்சல். நவம்பர் கட்டணத்துக்குக் கையில் எதுவும் இல்லை. பிள்ளையைத் திரும்பி வரச் சொல்லிவிடலாமா என்று முதன்முறையாக நினைத்தாள். சொல்ல வாய் வராமல் நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள், மலையில் கூடையை இறக்கிவைத்தபோது வதனியின் குரல் செய்தி வந்திருந்தது.

"அம்மா, இந்த மாசத்துல இருந்து பீஸ் அனுப்ப வேணாம். சனிக்கிழமையில சின்னப் பிள்ளைகளுக்கு நான் பழக்கிக் குடுக்கிறேன், அதுக்குப் பதிலா என் பீஸ விட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழம நெசமாவே படுங்க. இங்க காரு வச்சிருக்கிற அம்மாமாரும் பீஸ் கூடிப்போச்சுன்னு பொலம்புறாங்கம்மா. கேக்கையில ஒங்க கொரல் மாதிரியே இருக்கு."