போளூர் சாரின் கரோ-கான்

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் போளூர்க்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்தப் பக்கத்துப் போட்டிகளில் நாங்கள் அடிக்கடி மோதியிருக்கிறோம். நான் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அவர் கரோ-கான்தான் ஆடுவார். ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கும் தற்காப்பு அது.

"கெட்டியான சுவரும்மா. ஜல்தியா இடிக்க முடியாது," என்று சிரிப்பார்.

அன்றும் அதுதான். மூன்றாவது நகர்வில் நான் சிப்பாயை முன்னேற்றினேன். அவர் மந்திரியை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதை இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோட்டின்மேல் வைத்தார். ஆடி முடித்ததும் அழுத்த வேண்டிய ஆட்டக் கடிகாரத்தையும் அழுத்தவில்லை.

"சார், கட்டத்துல சரியா வைங்க," என்றேன் மெதுவாக.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. வலது கை பலகைமேல் விழுந்து, காய்கள் உருண்டன.

எழுந்து நடுவரைக் கூப்பிட்டேன். "பேசாதீங்க மேடம், மத்தவங்க ஆடிகினு இருக்காங்க," என்றபடி வந்தவர், சார் நாற்காலியிலிருந்து சரிவதைக் கண்டதும் ஓடிவந்து பிடித்தார். நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள்.

மண்டபத்தில் மற்ற ஆட்டங்கள் நடந்தன. அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வந்து நிறுத்தினார்கள். வெற்றி எனக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த சுற்றுக்கு நான் உட்காரவில்லை.

சில வாரங்கள் கழித்துப் போளூருக்குப் போனேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. காய்களைப் பார்த்தால் முகம் தெளியும் என்று நினைத்து, கொண்டுபோன பலகையைக் கட்டிலில் விரித்து அடுக்கினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் மொத்தத்தையும் கீழே தள்ளினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்பது எனக்கு உடனே புரியவில்லை.

அவர் மனைவி குனிந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கித் தந்தார். வாசல்வரை வந்து, "இனிமே இத எடுத்துகினு வராதீங்கம்மா. சும்மா வாங்க. நீங்க வந்து உக்காந்தா போதும்," என்றார்.

அடுத்த முறை சும்மாதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பும்வரை அப்படியே கிடந்தார்.