வராத காய்ச்சல்

நான் பொய் சொன்னேன். ஓர் ஏரிக்கரை நகரைச் சுற்றிப் பார்ப்பதற்காக, இல்லாத காய்ச்சலை இருப்பதாகத் தந்தியடித்தேன். அந்தப் பொய்க்காக என் மனைவி கோமு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறாள்!

நம்பமாட்டீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கத்து நூற்பாலையில் நான் மெக்கானிக். புது மிஷின் பழகிவர என்னையும், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதப் பயிற்சி. முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டும். அப்போதுதான் அந்த மனிதர் காதைக் கடித்தார்.

“ஏனுங்க, இனி எந்த ஜென்மத்துல இங்க வரப்போறோம்? லூசர்ன் பக்கந்தானுங்க. நாலு நாள் பார்த்துட்டுப் போலாம்.”

ஆசை யாரை விட்டது? எனக்குக் கடும் காய்ச்சல், அவர் எனக்குத் துணை என்று மில்லுக்குத் தந்தி போயிற்று. காய்ச்சல் என் பங்குக்கு வந்தது, என் தலையெழுத்து!

லூசர்ன்... அடடா! ஆற்றின் மேல் கூரை போட்ட மரப்பாலம். கூரைக்கடியில் முக்கோணப் பலகைகளில் பழங்காலத்து ஓவியங்கள். அண்ணாந்தபடியே நடந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மேல் மோதிக்கொண்டேன். பாறையில் செதுக்கிய, சாகக் கிடக்கும் சிங்கத்தைப் பார்த்தேன். நீராவிக் கப்பலில் ஏறிச் செர்ரிப் பழம் தின்று, கொட்டையை ஏரியில் துப்பினேன். அத்தனை சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தந்திச் சேதி வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... நாலு நாள் பயந்தால் என்ன, வந்து சமாதானம் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பாவி!

அது ஆடி மாதம். எங்கள் ஊர் கோமதித்தாய் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. கொடியேறினால், வேண்டுதல் உள்ளவர்கள் கோயிலை நூற்றொரு சுற்று சுற்றுவது வழக்கம். கோமுவும் சுற்றியிருக்கிறாள்... எனக்காக!

நான் ரயிலை விட்டு இறங்கியதும் நொண்டிக்கொண்டே வந்து, என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் விட்டுட்டு அத்தான்! கோமதித்தாய் காப்பாத்திட்டா. நீங்க உசுரோட வந்தா ஆயுசுக்கும் வருசா வருசம் சுத்துதேன்னு நேந்துக்கிட்டேன்.”

அவள் பாதமெல்லாம் கொப்புளம். அப்போதே சொல்லியிருக்கலாம்... சொன்னேனா? “ஆமா, பொல்லாத காய்ச்சல்” என்றேன்!

எட்டு ஆடி போய்விட்டது. ஏழு மாத வயிற்றோடும் சுற்றினாள். என் அம்மா தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. இப்போது வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. இனி நடக்கவே கூடாது என்கிறார் டாக்டர்.

உண்மையைச் சொல்லிவிட்டால் நேர்ச்சை ஏது? ஒவ்வோர் ஆடியிலும் வாய்வரை வரும்... விழுங்கிவிடுவேன். இத்தனை வருடம் எதற்காக நடந்தேன் என்று கேட்பாளே! என்ன பதில் சொல்ல? சிங்கம் பார்த்தேன், செர்ரி தின்றேன் என்றா?

நேற்று மறுபடியும் கொடியேறியது. இன்று அவளோடு நானும் கோயிலுக்குப் போனேன்.

“ஏட்டி கோமு, உனக்குப் பதிலா நான் சுத்துதேன். நீ உக்காரு” என்று கெஞ்சினேன்.

சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

“நேந்தவதான் சுத்தணும். நீங்க அந்த நிழல்ல போய் நில்லுங்க அத்தான். காய்ச்சல் கண்ட உடம்பு, வெயில் ஒத்துக்கிடாது.”

போய் நின்றேன்.