மலர் அக்கா துளை போடச் சொன்ன புல்தரை

வெள்ளவத்தையிலிருந்து மலர் அக்காவின் தங்கை காலையில் அழைத்தார். "அக்கா போயிட்டா. நித்திரையிலதான். நோவு ஒண்டும் இருக்கேல்ல." அந்தக் கடைசி வசனத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாதக்கணக்காக வலியோடு கிடந்தவர். அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மலர் அக்கா விவசாயம் படித்தவர். கொழும்பில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்தரைகள் அவர் பொறுப்பில் இருந்தன. நான் அங்கே அலுவலக முகாமையாளர். பந்தைக் குழிக்குள் உருட்டும் இடத்தைக் 'கிரீன்' என்பார்கள். ஒரு வருடம் எங்கள் கிரீன்கள் கம்பளம்போல அடர்ந்து கிடந்தன. எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு மழைத்தண்ணீர் வடியாமல் தேங்கியது, புல்லில் மஞ்சள் திட்டுகள் விழுந்தன. தண்ணீர் விடுகிறவர்களின் கவனயீனம் என்று முடிவுகட்டிய நிர்வாகக் குழு, தண்ணீர் விடும் சுனிலையும் அவரோடு வேலை செய்தவர்களையும் வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தது.

கூட்டத்துக்கு அக்கா ஒரு துண்டுப் புல்லை மண்ணோடு வெட்டிக் கொண்டுவந்து, மேசையில் வைத்துப் பிளந்தார். பச்சைக்குக் கீழே, செத்த தண்டும் வேரும் பின்னிக்கிடந்த விரல் தடிப்புப் பழுப்பு மெத்தை. "இதைத் தாண்டித் தண்ணியும் போகேல்ல, வேரும் போகேல்ல. அடர்த்தியா வளர்க்கச் சொன்னது நாங்கள். அந்த ஆக்களில பிழை சொல்லாதேங்கோ. துளை போட்டு மணல் நிரப்பவேணும்."

குழுவின் தலைவரும் தமிழர்தான். "போட்டி வருதே மிஸ். கிரீன் முழுக்க அம்மை போட்ட மாதிரியெல்லோ இருக்கும்?"

"இருக்கும். சரிவராட்டி முதல்ல என்னை அனுப்புங்கோ."

அரை மனதோடு சம்மதித்தார்கள். துளையிட்டு மணல் பரப்பி முடித்த கையோடு பெருமழை கொட்டியது. மறுநாள் இருவரும் குடையோடு நடந்தோம். வழியெல்லாம் குளம். கிரீனில் நின்ற சுனில் தூரத்திலிருந்தே சிங்களத்தில் கத்தினார்: "மிஸ், வத்துர பெஸ்ஸா!" தண்ணீர் வடிந்திருந்தது. அக்கா அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். போட்டி நடந்தது. யாருடைய வேலையும் போகவில்லை.

நோய் தொடங்கிய காலத்தில் பார்க்கப் போனபோது கேட்டேன்: "அண்டைக்குக் கூட்டத்தில உங்களுக்குப் பயமே இருக்கேல்லையா அக்கா?"

"என்ன கதைக்கிறீர்? மேசைக்குக் கீழ கால் நடுங்கினது. நல்லவேளை, நீர் காணேல்ல."

பயமில்லாதவர்கள்தான் எதிர்த்துப் பேசுவார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போதும் கூட்டங்களில் என் கால் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசத் தொடங்குகிறேன். மலர் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.