பேழைக் கதவை அடைத்தது யார்?

அக்கா வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். யாரையும் லேசில் நம்பாத மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாய் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கும், கை கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கும். இவரோடு அக்கா எப்படித்தான் குப்பை கொட்டினாளோ!

பூட்டுக்கு அடுத்தபடியாக அத்தான் சந்தேகப்படுவது ஹாலிவுட்காரர்களைத்தான். டிவியில் பைபிள் கதைப் படம் வந்தால் மடியில் வேதப் புத்தகமும் கையில் ரிமோட்டுமாக உட்காருவார். நிமிடத்துக்கு ஒருமுறை படம் நிற்கும். "இந்தச் சண்டை எந்த அதிகாரத்துல இருக்கு? காட்டு பார்ப்போம்!" என்னமோ நாங்கள்தான் படம் எடுத்தது போல. பிறகு அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் எந்த வேதப் படத்தையும் யாரும் முடிவுவரை பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் டப்பிங் பேசுகிறாள். கூட்டத்தில் கத்துவது, குழந்தை மாதிரி அழுவது என்று சில்லறைக் குரல்களிலேயே காலம் தள்ளியவளுக்கு முதல்முறையாகப் பெரிய பாத்திரம் கிடைத்தது. ஹாலிவுட்டில் எடுத்த பெருவெள்ளக் கதையில், குடும்பத்தோடு தப்பிக்கப் பேழை என்ற மரக்கப்பலைக் கட்டியவரின் மனைவி.

அத்தான் உடனே புத்தகத்தைப் புரட்டினார். "அந்தம்மாவுக்கு இதுல பேரே இல்ல. ஒரு வார்த்தைகூடப் பேசல. நீ எதைப் பேசின?"

"எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்ப்பா."

"அப்போ அத்தனையும் கட்டுக்கதை."

"நானும் அந்தம்மா மாதிரிதான். இந்த வீட்டுல எனக்கும் வசனம் கிடையாது" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

மகளின் முகம் சுண்டிவிட்டது. "தியேட்டர்ல முழுசா உட்கார்ந்து பாருங்கப்பா. பாதியில எழுந்து போனீங்கன்னா, இனிமே நான் பேசுற எதுக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன்." குரல் உடைந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

"வர்றேன். ஆனா பேழைக் கதவை ஆண்டவர்தான் அடைச்சார்னு இருக்கு. அதுல மனுஷன் கை பட்டுச்சுன்னா எழுந்துடுவேன்." பூட்டுக்காரர் புத்தி வேறெங்கே போகும்?

தியேட்டரில் ஓர இருக்கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்து போக வசதியாக. பேழை கட்டியவர் வாள் சுழற்றினார், அத்தான் இருமினார். படத்தில் அவருடைய மருமகளுக்கு ஒரு காதல் கதை வைத்திருந்தார்கள். அத்தான் காலால் செருப்பைத் தேடினார்.

மழை பிடித்தது. வெளியே அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினார்கள். பேழை கட்டியவர் தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தி, திரை முழுக்கத் தெரிந்த மரத் தாழ்ப்பாளைப் போட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அத்தான் முன்னிருக்கையைப் பிடித்து எழப் போனார்.

அப்போது அந்த மனைவி பேசினாள், எங்கள் பெண்ணின் குரலில். "கதவைத் திறங்க. வெளியில நிக்கிறவங்க நமக்குத் தெரிஞ்சவங்கதானே?"

அத்தான் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு படம் முடியும்வரை இருமவே இல்லை.

வெளியே வந்ததும் மகள் நேராகவே கேட்டாள். "கதவை யாருப்பா அடைச்சா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பேசிட்டிருந்தியா, அதைக் கேட்டுட்டிருந்தேன்மா. கதவைக் கவனிக்கல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். தெருவில் நடக்கும்போது கண்டவர் வீட்டு நாதாங்கியையும் நோட்டம் விடுகிற மனிதர், அவ்வளவு பெரிய தாழ்ப்பாளைக் கவனிக்கவில்லையாம்!

"இது எந்த அதிகாரத்துல இருக்கு அத்தான்?" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.